நடுவழியில் நின்ற சொதி

கார் நடுவழியில் நின்றுபோவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தீயணைப்பு வண்டியே நின்றுபோய் நாலு பேர் தள்ளிக்கொண்டு போனதை நான் தென்காசியில் பார்த்திருக்கிறேன். ஆனால் நின்ற காருக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து, முன்பின் தெரியாத ஒரு பஸ் கூட்டத்துக்கு இலை போட்டுப் பரிமாறியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். ஒருவர் என் சங்கரன் மாமா. இன்னொருத்தி நான்.

இதில் கொடுமை என்னவென்றால், அன்று நான் செய்த ஒவ்வொரு காரியமும் சரியான காரியம். கார் நின்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாராவது பரீட்சை வைத்திருந்தால் எனக்குத்தான் முதல் பரிசு. (இதைச் சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. நீங்களாவது நம்புங்கள்.)

அப்போது நான் கார் ஓட்டப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டதைவிட, ஓட்டும்போது என்னென்ன ஆபத்து வரும் என்று கற்றுக்கொண்டதுதான் அதிகம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள். நான் டயர் வெடிக்கிற வீடியோ பார்ப்பேன். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, இஞ்சின் புகைந்தால் எங்கே ஓடுவது, எல்லாம் மனப்பாடம். ஆன்லைனில் ஒரு சிவப்பு முக்கோணம் வேறு வாங்கி வைத்திருந்தேன். கார் நின்றால் பின்னால் கொஞ்ச தூரம் தள்ளி ரோட்டில் வைப்பார்களே, வெளிச்சம் பட்டால் பளபளக்கும், அது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதற்கு முன்னால் அதை விரித்துக் காட்டுவேன்.

அம்மா மட்டும் ஒருநாள் கேட்டாள். “இத வச்சு என்னட்டி செய்ய?”

“கார் நின்னா பின்னால வைக்கணும்மா.”

“கார் ஏன் நிக்கணும்?”

அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை உமாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குப் புளியறை. நல்ல குடும்பம், வயலும் தோப்பும் உண்டு, மாப்பிள்ளை வாய் திறந்து பேசவே யோசிக்கிற ரகம். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அப்பா இருந்தார். சம்பந்தி மாமா என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் நல்லவர்தான். ஆனால் எதையும் நன்றாக இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்க மாட்டார். பின்னால் ஒரு ‘ஆனா’ வரும். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, “கேசரி நல்லா இருக்கு. ஆனா முந்திரிய எண்ணிப் போட்டிருக்கீங்க” என்றார். அன்றிலிருந்து அவர் வருகிறார் என்றாலே அம்மா முந்திரி டப்பாவைத்தான் முதலில் தேடுவாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போட வேண்டும். சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் போட்டு வைக்கிற வெள்ளைக் குழம்பு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணத்தன்று வைத்த பதினெட்டு வகையையும் மறந்துவிடுவார்கள். மறுநாள் சொதி சரியில்லை என்றால் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். அந்தச் சொதியும் லேசுப்பட்டது இல்லை. கெட்டிப் பால் ஊற்றி இறக்கியபிறகு அதைக் கொதிக்கவைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, ரொம்ப நேரம் காக்கவைக்கவும் கூடாது. திரிந்துவிடும். கைக்குழந்தையாவது பால் குடித்தால் தூங்கிவிடும்.

வழக்கப்படி தென்காசியில் எங்கள் வீட்டிலேயே நடந்திருக்க வேண்டிய விருந்து இது. ஆனால் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சம்பந்தி மாமா குற்றாலத்தில் குளிக்கப் போய் வழுக்கி விழுந்து, முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். கல்யாணத்துக்கே காலை நீட்டி நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். மறுநாளும் அலைய முடியாது, விருந்தைப் புளியறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வருஷா வருஷம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர், இந்தக் கார்த்திகையில் போக முடியாதே என்ற எரிச்சல் வேறு அவருக்கு. கல்யாணப் பந்தியில் பாயசத்தை நக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “இது கெடக்கட்டும். நாளைக்குச் சொதியப் பாத்துட்டுப் பேசுவோம்” என்றார். அம்மா அன்று ராத்திரி கண்ணை மூடவில்லை.

மறுநாள் காலை அப்பா, அம்மா, என் கணவர், சமையல் ஆட்கள், சாதம், பொரியல், அப்பளம் எல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சொதியை மட்டும் கடைசியாக இறக்கி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும். யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது, “என் கார் இருக்கே” என்று சொன்னது சாட்சாத் நான்தான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துணைக்குச் சங்கரன் மாமாவை உட்கார வைத்தார்கள். மாமா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்கத் தேரோட்டம், அருவிக் கூட்டம், தலைவர் வருகை என்று ஜனங்களை ஒதுக்கி நிறுத்தியே பழகியவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. வேட்டி மடிப்பில் எப்போதும் இருக்கும்.

தவசிப்பிள்ளை (எங்கள் ஊரில் சமையற்காரரை அப்படித்தான் சொல்லுவோம்) சொதி அண்டாவை டிக்கியில் ஏற்றி, ஆடாமல் இருக்க என்னென்னவோ அண்டை கொடுத்து, சுற்றிலும் சாக்கைத் திணித்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். பின்சீட்டில் இஞ்சிப் பச்சடிப் பாத்திரம், அகப்பை, உபரியாக ஒரு இலைக்கட்டு, ஒரு ஜமுக்காளம். இது போதாதென்று மண்டப வாசலில் கட்டியிருந்த குலை வாழை இரண்டையும் தோரணத்தோடு காரின் மேல் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அம்மா. வாடாமல் இருக்கிறதே, புளியறை வீட்டு வாசலில் கட்டலாமே என்பது அவள் கணக்கு. குலையும் இலையுமாக, காய்கறிச் சந்தைக்குப் போகிற கோலத்தில் புறப்பட்டோம். நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன்.

செங்கோட்டை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. சொதி குலுங்கக் கூடாது என்று நான் போன வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். புளியறைக்கு முன்னால் ஒரு வளைவு வரும். அது திரும்பினதும் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. மாமா, “ஏட்டி, சொதி பொங்குதா?” என்றார். சொதி பின்னால் இருக்கிறது மாமா, இது இஞ்சின் என்றேன். அடுத்த நிமிஷம் கார் நின்றுவிட்டது.

நான் பதறவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எத்தனை ராத்திரி படித்த பாடம்! மிச்ச ஓட்டத்திலேயே வண்டியை இடது ஓரம் ஒதுக்கினேன். கைப் பிரேக் போட்டேன். நாலு பக்கமும் மினுக்குகிற விளக்கைப் போட்டேன். மாமாவை ரோட்டுப் பக்கம் இறங்கவிடாமல் வயல் பக்கக் கதவு வழியாக இறக்கினேன். அவர் நேரே போய் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். சூட்டில் திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும் என்று கத்தி இழுத்தேன். “சர்வீஸ்ல எத்தன ஜீப்பு பாத்திருக்கேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளி நின்றார்.

அப்போதுதான் முதல் லாரி வந்தது. கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரி. வளைவு திரும்புகிறவரை எங்களை அதன் டிரைவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. திரும்பினதும் ஒரு ஒடி ஒடித்தார். வைக்கோல் பாரம் முழுக்க எங்கள் பக்கம் சாய்ந்து, என் பட்டுப் புடவையை உரசிக்கொண்டு போனது. இனி விளையாட்டு இல்லை, வளைவுக்கு முன்னாலேயே அடையாளம் வைக்காவிட்டால் அடுத்த லாரி எங்களைத் தூக்கிவிடும் என்று புரிந்தது.

முக்கோணத்தை எடுக்க டிக்கியைத் திறந்தேன். ஓரத்தில் அதன் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் முக்கோணம் இல்லை.

காருக்குள் குனிந்து, சீட்டுக்கு அடியில் கை விட்டு, டாஷ்போர்டைக் குடைந்து எல்லாம் தேடினேன். இல்லை. யாருக்கோ விரித்துக் காட்டிவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டி என்னையே திட்டிக்கொண்டேன். மாமா, “இதுக்கெல்லாமா கடையில சாமான் வாங்குவாங்க? ஒரு தழைய ஒடிச்சு ரோட்டுல போட்டா லாரிக்காரனுக்குத் தெரியும்” என்றார். வாஸ்தவம்தான். நம் ஊரில் எந்த லாரி நின்றாலும் பின்னால் தழைதான் கிடக்கும். ஆனால் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் நெல் வயல். இருந்தது ஒரே ஒரு புளியமரம். அதன் தாழ்ந்த கிளையே மாமா இரண்டு தடவை எகிறியும் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது தடவை எகிறினால் வேட்டி அவிழும் என்று நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காரின் மேலே பார்த்தோம்.

வாழையை ரோட்டில் படுக்கப் போட்டால் மாடு தின்றுவிடும் என்றார் மாமா. நட்டமாக நின்றால்தான் தூரத்திலிருந்து தெரியும் என்றேன் நான். வளைவுக்கு நல்ல தூரம் முன்னால், இந்தப் பக்கம் இருந்த மின்கம்பத்தில் ஒன்று. ரோடு முழுக்கக் கவனிக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் இருந்த ஊர்ப் பெயர்ப்பலகைக் கம்பத்தில் இன்னொன்று. குலை தொங்க, தென்னங்குருத்துத் தோரணம் ஆட, ரோட்டின் இருபுறமும் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அடுத்து வந்த லாரி கண்ணெதிரே வேகத்தைக் குறைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர் தலையை நீட்டி, “கல்யாணம் ஆணோ, சேச்சி?” என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போனார். கல்யாணமா என்று ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன். (இவ்வளவு வெளிச்சமாகச் சொல்லியும் எனக்குப் புரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

நின்ற காருக்குள் உட்காரக் கூடாது, ரோட்டைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். ஆகவே புளியமரத்து நிழலில் ஜமுக்காளத்தை விரித்தேன். டிக்கிக்குள் வெயில் ஏறிச் சொதி திரிந்துவிடக் கூடாது என்பது வேறு கவலை. நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து, அடியில் கட்டியிருந்த சாக்கு மூட்டையோடு அண்டாவைத் தூக்கி வந்து ஜமுக்காளத்தின் தலைமாட்டில் இறக்கினோம். பக்கத்தில் பச்சடியையும் அகப்பையையும் இலைக்கட்டையும் வைத்தோம். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டிகளைப் பார்க்க வசதியாக மாமா விசிலோடு ரோட்டோரம் நின்றுகொண்டார்.

பிறகு உதவிக்குப் போன் செய்தேன். கார் நடுவழியில் நின்றால் கூப்பிடச் சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த எண். தேன் தடவிய குரலில் ஒரு பெண், நான் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறேனா என்று விசாரித்தாள். புளியமரத்தடியில் இருக்கிறேன் என்றேன். அருகில் கடை, ஓட்டல், பெட்ரோல் பங்க் ஏதாவது அடையாளம் உண்டா என்றாள். வயல் இருக்கிறது என்றேன். வயலுக்கு எதிரே? அங்கேயும் வயல். திருநெல்வேலியிலிருந்து வண்டி வரும், காத்திருங்கள் என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்து, கேரளத்துக்கு நல்வரவு என்று மலையாளத்தில் ஒரு செய்தி வந்தது. அந்த வளைவில் நின்றால் உடம்பு தமிழ்நாட்டிலும் சிக்னல் கேரளத்திலும் இருக்கும்.

சிக்னல் தேடி வயல் வரப்பிலே நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. உமா.

“எங்கன வார? இங்கன பந்தி போடப் போறாங்க. மாமனார் மணியவே பாத்துட்டு இருக்காரு. அம்மா மொகத்த என்னால பாக்க முடியல.”

அவள் குரல் உடைந்திருந்தது. புகுந்த வீட்டில் அவளுக்கு முதல் நாள். அந்த வீட்டுச் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதற்குள் பிறந்த வீட்டின் மானம் ஒரு அண்டாவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கார் நின்றுவிட்டது, யாரையாவது அனுப்பு என்று நான் சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில்தான் புளியறை. என் கணவர் யார் பைக்கையாவது வாங்கிக்கொண்டு பறந்து வந்திருப்பார். ஆனால் ‘என் கார் இருக்கே’ என்று சொன்ன வாய் அது.

“வந்துட்டே இருக்கேன்ட்டி” என்றேன். லைன் அறுந்தது.

நான் படித்த பாடங்களிலேயே ரொம்பச் சுலபமானது, நிற்கிற விஷயத்தை நாலு பேருக்கு உடனே சொல்லுவது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தேன்.

சொன்ன பொய்யை எப்படி நிஜமாக்குவது என்று யோசித்துக்கொண்டே வரப்பில் திரும்பி வந்தவள், புளியமரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மரத்தடியில் ஒரு மினி பஸ் நின்றது. ஜன்னல்களில் எல்லாம் ஈர வேட்டி காய்ந்தது. என் ஜமுக்காளத்தில் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஒரு பஸ் நிறைய ஐயப்பசாமிகள் இரண்டு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் எங்கள் இலை. இலையில் தண்ணீர் தெளித்துக்கூட முடித்திருந்தார்கள்.

மாமா வரிசையின் கோடியில் நின்று விசில் ஊதி, பின்னால் வருகிறவர்களை இடம் பார்த்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா இது?”

“திடீர்னு கூட்டம் கூடிட்டுட்டி. விட்டா ரோட்டுல நிப்பாங்க, லாரி வருது. அதான் ஓரமா வரிசையா உக்கார வச்சேன்.”

“இலை யார் போட்டது?”

மாமா விசிலை வாயிலிருந்து எடுத்தார். “உக்காந்தவங்க எலையக் கேட்டாங்க” என்றார்.

அப்போதுதான் நான் அந்த இடத்தை முதல்முறையாக ஒரு வழிப்போக்கரின் கண்ணால் பார்த்தேன். ரோட்டின் இருபுறமும் குலை வாழை, தோரணம். நிழலில் ஜமுக்காளம். அண்டா, அகப்பை, இலைக்கட்டு. ஆளை நிறுத்தி ஒழுங்குபடுத்த விசிலோடு ஒருத்தர். பட்டுப் புடவையில் ஒருத்தி. கார்த்திகை மாசத்தில் மலைக்குப் போகிற ரோட்டில் இதற்கு அன்னதானம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஒரு பேனர்தான் பாக்கி.

குருசாமி எழுந்து வந்து என்னைக் கும்பிட்டார். ஈரோட்டுப் பக்கமாம். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறார்களாம். “நல்ல பசிங்க. ஓட்டலா பாத்துட்டே வந்தோம், சாமி உங்களக் காட்டிட்டாருங்க. உங்க குடும்பம் நல்லா இருக்கோணும்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். இது அன்னதானம் இல்லை, இது என் தங்கை வீட்டுச் சொதி என்று சொல்லத்தான் திறந்தேன். முதல் வரிசையில் ஒரு வயசான சாமி, இலையின் ஓரத்தை நீவிச் சரிசெய்துகொண்டு அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சண்டைக்காரனானாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப மாட்டோம். இவர்கள் மாலை போட்ட சாமிகள். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அண்டாவின் மூடியைத் திறந்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. (பக்தி என்று நினைத்துச் சிலர் சரணம் சொன்னார்கள்.)

முதல் அகப்பையை விட்டதும் ஒரு சாமி அதை வழித்துச் சுவைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க, பாயசத்துல முருங்கக்காய் போட்டிருக்கீங்களே. இந்தப் பக்கத்துப் பழக்கமுங்களா?”

பாயசம் இல்லை சாமி, சொதி, சாதத்தில் விட்டுச் சாப்பிடுவது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சாதமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சாதம் முழுக்கப் புளியறையில் இருந்தது. இரண்டு வரிசையும் என்னைப் பார்த்தது. குருசாமி பெரிய மனுஷர். ஒன்றும் கேட்காமல் பஸ்ஸிலிருந்து அவர்கள் காலையில் வடித்து வைத்திருந்த சாதத்தை எடுத்து வரச் சொன்னார். ஆக, நான் செய்த அந்த அன்னதானத்தில் அன்னம் அவர்களுடையது.

சாப்பிட்டார்கள், ஐயா, அப்படிச் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் மறு சோறு வாங்கினார்கள். அகப்பை அண்டாவின் அடியில் தட்டத் தட்ட நான் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தேன். மாமாவோ ஒருவரையும் விட்டுவிடாமல், “இங்க ஒரு எலைக்கு விடு, அங்க ஒரு எலைக்கு விடு” என்று நடந்துகொண்டே இருந்தார்.

கை கழுவிவிட்டு வந்த குருசாமி, கோயில் எங்கே இருக்கிறது, உண்டியலில் ஏதாவது போட வேண்டும் என்றார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. கார், லாரி, காணாமல் போன முக்கோணம், முந்திரி எண்ணுகிற சம்பந்தி, காத்திருக்கும் தங்கை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். மறு சோறு அதிகம் வாங்கின சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“இத மொதல்லயே சொல்லறதில்லீங்களா” என்றார் குருசாமி.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பஸ் டிரைவர் வந்து பார்த்து, தண்ணீர் போகிற ரப்பர் குழாய் பிய்ந்துவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்றார். கயிறு போட்டுக் காரைப் பஸ்ஸின் பின்னால் கட்டினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பஸ் நடக்கிற வேகத்தில் போகும், ஹாரன் அடித்தால் நிற்கும் என்று ஏற்பாடு. மிச்சம் இருந்த சொதியைப் பஸ்ஸில் சாமிகள் மடியில் வைத்துக்கொண்டார்கள். வாழையை விட்டுவிட்டுப் போனால் அம்மா கொன்றுவிடுவாள் என்று சொன்னேன். அதையும் அவிழ்த்துப் பஸ்ஸின் முகப்பில் இருபுறமும் கட்டிவிட்டார்கள். மாமா படிக்கட்டில் தொங்கிக்கொண்டு விசில் அடித்து எதிரே வந்த வண்டிகளை எல்லாம் ஒதுக்கினார்.

இப்படித்தான் நான் என் தங்கையின் புகுந்த வீட்டுக்கு மறுவீட்டுச் சொதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முன்னால் குலை வாழை கட்டிய பஸ். உள்ளே சரண கோஷம். பின்னால் கயிற்றில் இழுபட்டு, நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு என் கார். புளியறையில் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். தேர் என்று நினைத்தார்களோ என்னவோ.

சம்பந்தி மாமா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, பேயடித்த முகத்தோடு. அவர்களுக்குப் பின்னால் உமா. பஸ் நின்றதும் சாமிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாலு பேர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். குருசாமி நேரே சம்பந்தி மாமாவிடம் போய், நடந்ததைச் சொல்லி, உங்கள் வீட்டு விருந்தை வழியில் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார். எனக்குக் காருக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று இருந்தது.

சம்பந்தி மாமா கட்டுப் போட்ட காலைக் கையால் பிடித்துத் தரையில் இறக்கினார். மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து எழுந்து நின்று குருசாமியைக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “இந்த வருஷம் மலைக்கு வர முடியலையேன்னு உக்காந்திருந்தேன் சாமி. நீங்களே வாசலுக்கு வந்துட்டீங்க” என்றார். அம்மா அங்கேயே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உமா என்னைப் பார்த்தாள். முதலில் முறைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் நான் காரைவிட்டு இறங்கினேன்.

பந்தி நடந்தது. சொதி ஆளுக்கு ஒரு அகப்பைதான் வந்தது. சம்பந்தி மாமா நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டார். இலையை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நல்லா இருக்கு” என்றார். நாங்கள் காத்திருந்தோம். “ஆனா பத்தல.”

காலி அண்டாவைக் கழுவ எடுத்தபோது, அடியில் கட்டியிருந்த சாக்கு அவிழ்ந்தது. உள்ளே இருந்து டணாரென்று விழுந்தது என் சிவப்பு முக்கோணம். தவசிப்பிள்ளை அதைப் பிரிமணை என்று நினைத்து அண்டாவுக்கு அடியில் வைத்துக் கட்டியிருக்கிறார். நல்ல சமையற்காரர், டிக்கியில் மூன்று மூலையும் சமமாக ஒரு பொருள் இருந்தால் அது பாத்திரம் வைப்பதற்கு என்றுதானே அவருக்குத் தோன்றும்? நான் அதைத் தேடிக் காரைக் குடைந்த நேரமெல்லாம் அது சொதியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சாயந்திரம் தேன்குரல் பெண் மறுபடி கூப்பிட்டாள். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா என்று கேட்டாள். சங்கரன் மாமா போனை வாங்கி, “பத்தல” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வார்த்தை அதிலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து. உமாவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது, தொட்டிலை எட்டிப் பார்த்துச் சம்பந்தி மாமா, “நல்லா இருக்கு. ஆனா பத்தல” என்றார். இரண்டாவது பிறந்தது. ஈரோட்டுச் சாமிகளின் பஸ் இப்போதும் ஒவ்வொரு கார்த்திகையிலும் புளியறை வீட்டு வாசலில் நிற்கிறது. சாதமும் நாங்களே போடுகிறோம். சம்பந்தி மாமாவும் கால் சரியானபிறகு அந்தப் பஸ்ஸிலேயே மலைக்குப் போகிறார். முக்கோணத்தை மட்டும் அம்மா திருப்பித் தரவில்லை. பிரிமணையாக அது ரொம்ப வாகாக இருக்கிறதாம்.

போன மாதம் இலத்தூர்ப் பக்கம் என் கார் மறுபடியும் நின்றது. ஓரம் கட்டினேன், விளக்கைப் போட்டேன், புதிதாக வாங்கின முக்கோணத்தைப் பின்னால் வைத்தேன், ரோட்டைவிட்டுத் தள்ளி நின்றேன். இந்தத் தடவை முதல் வேலையாகப் புளியறைக்குப் போன் போட்டு, “மாமா, கார் நின்னுட்டு” என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“ரோட்ட விட்டுத் தள்ளி நிக்கியாம்மா?” என்று சம்பந்தி மாமா பதறிப்போய்க் கேட்டார்.

“தள்ளித்தான் நிக்கேன் மாமா.”

அடுத்த கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வண்டியில சாப்பிடுத சாமான் எதும் இருக்கா?”

“ஒண்ணும் இல்ல மாமா. வெறும் வண்டிதான்.”

“அப்ப பயமில்ல” என்றார். “அங்கனயே நில்லு, வாரேன்.”